வண்டிப்பெரியாறு: மதுரையிலிருந்து ஒரு மழைக்காட்டு ஆற்றங்கரை ஊருக்கு

தல்லாகுளம் வாசகர்:

மலைப்பக்கம் அடிக்கடி போய்வரும் நண்பர்களிடம் ஒரு வழிகாட்டல் வேண்டுகிறேன். என் தந்தை பெரியாறு பிரதான கால்வாயில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பேரணையில் பிரிந்து கள்ளந்திரி வழியாக மேலூர்ப் பக்கம் போகும் தண்ணீருக்கு மடை திறப்பதும் அடைப்பதுமாகவே அவருடைய பணிக்காலம் முழுவதும் கழிந்தது. அந்தத் தண்ணீர் எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்பதை மட்டும் அவர் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. எழுபதைக் கடந்துவிட்டார், மெதுவாக நடப்பார், ஆனால் நன்றாக நடப்பார். மழைக்காடு சூழ்ந்த, ஆறு ஓடும் சிறிய ஊர் ஒன்றில் ஓரிரு இரவு தங்கி, அவசரமில்லாமல் அவருக்குக் காட்டைக் காட்ட விரும்புகிறேன். யாரைக் கேட்டாலும் தேக்கடி என்கிறார்கள். படகில் ஏறி இறங்கித் திரும்பும் பயணமாக இது அமைந்துவிடக் கூடாது என்பது என் விருப்பம். எங்கே தங்கலாம், எந்த மாதம் பொருந்தும் என்று சொல்லுங்கள்.

ஆரப்பாளையம் பயணி:

வழியைப் பொறுத்தவரை குழப்பமே இல்லை. ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்கு நேரடிப் பேருந்து உண்டு. ஏறத்தாழ 135 கிலோமீட்டர். முதியவருக்குப் பேருந்து அலுப்பாக இருக்கும் என்றால் போடி ரயிலில் தேனி வரை போகலாம். மீட்டர்கேஜ் பாதையை 2010-இன் இறுதியில் மூடிய பிறகு நெடுங்காலம் ரயிலே இல்லாமல் இருந்த ஊர் தேனி. 2022-இல் அகலப்பாதையில் தேனிக்கும் அடுத்த ஆண்டில் போடிக்கும் வண்டி ஓடத் தொடங்கியது. தேனியிலிருந்து குமுளிக்குப் பேருந்துக்குக் குறைவில்லை.

தங்குவதற்கு நான் குமுளியையே சொல்வேன். தேக்கடிப் படகை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். நடக்க முடியாதவர்களும் காட்டுக்குள் போய்வர அதைவிட நல்ல வழி இல்லை. அணை கட்டியபோது நீரில் மூழ்கிய மரங்களின் பட்ட முனைகள் இன்னமும் ஏரியில் நிற்கின்றன. அவற்றின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். யானைகள் கரைக்கு வருவதும் உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தார்கள். அதனால் உயிர்காப்பு உடையைக் கொடுத்தவுடன் அணிந்துகொள்ளுங்கள். இறங்கும் வரை கழற்றாதீர்கள். யானை தெரிந்துவிட்டது என்று எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பதை அனுமதிக்காதீர்கள்.

கூடலூர் விவசாயி:

ஆரப்பாளையத்து அண்ணன் சொன்ன வழி சரி. தங்கும் ஊரில்தான் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. குமுளியில் இறங்கி ஏரியைப் பார்ப்பவர் அணையின் நம் பக்கத்தை மட்டுமே பார்க்கிறார். உங்கள் தந்தை வாழ்நாளெல்லாம் அந்தத் தண்ணீரோடு இருந்தவர் என்பதால் மறுபக்கத்தையும் அவர் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். குமுளியிலிருந்து கோட்டயம் சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குள் வண்டிப்பெரியாறு வந்துவிடும். பெரியாற்றின் கரையிலேயே அமைந்த சிறிய ஊர் அது; ஊருக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் புலிகள் காப்பகம் தொடங்குகிறது.

பெரியாறு சிவகிரி மலைப்பக்கத்தில் பிறந்து, முல்லையாற்றோடு சேர்ந்து, மேற்கே போக வேண்டிய ஆறு. 1887-இல் தொடங்கி 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை அதை மறித்து நிறுத்தியது. அணைக்கு நீர் கொடுக்கும் காடு 624 சதுர கிலோமீட்டர். நின்ற நீர் தேக்கடியில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பி, லோயர் கேம்பில் இறங்கி மின்சாரம் தந்து, எங்கள் வயல்களைக் கடந்து, வைகை அணைக்குப் போய், அங்கிருந்து பேரணைக்கும் கள்ளந்திரிக்கும் உங்கள் தந்தையின் மடைக்கும் வருகிறது. அப்படியானால் அணைக்குக் கீழே பழைய ஆற்றில் என்ன மிஞ்சும்? வண்டிப்பெரியாற்றுப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் தெரியும். கோடையில் பாறைகளுக்கு இடையே ஒரு சிற்றோடை அளவுக்குத்தான் நீர் ஓடும். அதுவும் அணைக்குக் கீழே வந்து சேரும் ஓடைகளின் நீர். பெரு மழையில் அணையின் மதகுகளைத் திறந்தால் அதே ஆறு கரையோர வீடுகளுக்குள் நுழைந்துவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்த மக்கள் வீட்டை விட்டு முகாம்களுக்குப் போனார்கள்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையும் நெல்லும் விளைவது அந்தத் தண்ணீரால்தான். பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15 அன்று இங்கே பொங்கல் வைக்கிறோம். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறோம். அந்த நன்றி உள்ளவர்கள், தண்ணீர் திரும்பிவிட்ட பிறகு அந்த ஆறு எப்படி இருக்கிறது என்பதையும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அணைக்கட்டுக்குள் பொதுமக்களை விடுவதில்லை. அதனால் வண்டிப்பெரியாற்றுப் பாலம்தான் நமக்கு வாய்த்த இடம்.

நாகமலை ஆய்வு மாணவி:

நான் தாவரவியல் படிப்பவள். களப்பணிக்காக அந்தக் காடுகளுக்குப் போய்வருகிறேன். கூடலூர் ஐயா சொன்னதோடு ஒரு விளக்கத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. வண்டிப்பெரியாற்றில் இறங்கியதும் கண்ணில் படும் பச்சை மழைக்காடு அன்று. அது தேயிலை. காட்டை அழித்து நட்ட தேயிலைச் சரிவுகள்தான் ஊரை ஒட்டி இருக்கின்றன. நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்களைத்தான் பலரும் காடு என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். உண்மையான பசுமைமாறாக் காடு வல்லக்கடவுச் சோதனைச் சாவடியைத் தாண்டி, கவி என்ற காட்டு ஊருக்குப் போகும் சாலையில்தான் தொடங்குகிறது.

எல்லையைக் கடக்கும்போதே வேறுபாடு தெரியும். தேயிலையில் வெயில் நேராக முதுகில் விழும். காட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறையும். காற்றில் ஈரம் ஏறும். பேச்சுக்குரல்கூட வேறு மாதிரி கேட்கும். உங்கள் தந்தைக்கு ஒரு மரத்தை மட்டும் காட்ட நேரம் இருந்தால் வெடிப்பலாவைக் காட்டுங்கள். அடிமரத்தில் பலகைபோல் விரிந்த வேர்கள் இருக்கும். கீழே உதிர்ந்து கிடக்கும் இலையைப் புரட்டிப் பாருங்கள். மேற்புறம் கரும்பச்சையாகவும் அடிப்புறம் செம்புப் பொன் நிறத்தில் மினுமினுப்பாகவும் இருக்கும். அண்ணாந்தால், முள் நிறைந்த சிறு பலாப்பிஞ்சுகள் போன்ற காய்கள் கிளையை ஒட்டித் தொங்கும். கோடையின் தொடக்கத்தில் அதே கிளைகளில் இதழே இல்லாத பூக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். வேறு உணவு குறைந்த அந்தக் காலத்தில் சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலையணில், வௌவால் எல்லாம் இந்த மரத்தைத்தான் தேடி வருகின்றன. சிங்கவால் குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறு எங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. அது பிழைத்திருப்பதற்கு இந்த மரம் ஒரு பெரிய காரணம். நாங்கு, பாலி, சாம்பிராணியோடு சேர்த்துப் புகைபோடும் குங்கிலியத்தைத் தரும் மரங்கள் என்று அருகருகே நிற்கும். ஆனாலும் விலங்கு பார்க்கும் ஆவலில் வருகிறவர்கள் மரத்தைப் பார்ப்பதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவமழை நின்று மாதங்கள் ஆன பிறகும் அங்கே ஓடைகளில் நீர் ஓடுவதற்கு இந்தக் காடுதான் காரணம். இலைமக்கு நிறைந்த மண் மழையை உறிஞ்சிக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது. அணை நீரைத் தேக்குகிறது; அந்த நீரை அணைக்குச் சேர்ப்பது காடு. மடையைத் திறந்து பழகிய கைக்கு இதை நேரில் காட்டினால் ஒரு நொடியில் புரியும்.

எஸ்டேட்டில் வளர்ந்தவன்:

நான் வண்டிப்பெரியாற்றுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். இப்போது மதுரையில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரைப் பற்றி மதுரைக்காரர்கள் இவ்வளவு அக்கறையாகப் பேசுவதைப் படிக்க மனம் நிறைகிறது.

மொழியைப் பற்றிக் கவலையே வேண்டாம். கொழுந்து பறிக்க எங்கள் பாட்டன் காலத்தில் தேனி, மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறியவர்களின் பிள்ளைகள்தான் தோட்டங்களில் பெரும்பாலோர். கடைத்தெருவில் பாதிப் பேர் தமிழில் பேசுவார்கள். மற்றவர்களுக்கும் தமிழ் புரியும். காலையில் புட்டும் கடலையும், மாலையில் மழைக்கு இதமாகக் கட்டன் சாயாவும் பழம்பொரியும் எந்தக் கடையிலும் கிடைக்கும். பெரிய விடுதிகள் கிடையாது. எளிய தங்குமிடங்களும் வீட்டோடு சேர்ந்த அறைகளும் உண்டு. முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். டீக்கடையில் உட்கார்ந்து அணையைப் பற்றி வாதம் செய்யாதீர்கள். 2011-இன் இறுதியில் எல்லையில் நடந்த மோதல்களில் இரு பக்கமும் எளிய மக்கள்தான் அடிபட்டார்கள். 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது; நியாயங்களைப் பேச அதற்குரிய மன்றங்கள் இருக்கின்றன. ஆற்றங்கரையில் குடியிருக்கும் எங்கள் சொந்தக்காரர்களோ ஒவ்வொரு மழைக்காலத்திலும் நீர்மட்டச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள். அணைக்குக் கீழே முதல் குடியிருப்பு வல்லக்கடவு. அதற்கடுத்த ஊர் நாங்கள். அணை நீரைக் குடித்து வளர்ந்த சொந்தங்கள் மதுரையிலும், அணையின் அடிவாரத்தில் அஞ்சும் சொந்தங்கள் இங்கேயுமாக என் குடும்பமே இரண்டு பக்கமும் இருக்கிறது. “நாங்கள் மதுரை, உங்கள் ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம்” என்று உங்கள் தந்தை பாலத்தடியில் யாரிடமாவது சொல்லிப் பார்க்கட்டும். அதற்குக் கிடைக்கும் மரியாதையை நீங்களே காண்பீர்கள்.

ஆரப்பாளையம் பயணி:

தம்பி சொன்னது நெஞ்சைத் தொட்டது. இருந்தாலும் கேட்டவரின் தேவையை மறந்துவிடக் கூடாது. எழுபதைக் கடந்தவரை எளிய தங்குமிடத்தில் தங்கவைப்பது, இரவில் உடல்நலக் குறைவு ஏற்பட்டால் பெரிய மருத்துவமனை தேடுவது, கவிச் சாலையில் குலுங்கிப் போவது ஆகியவற்றை யோசிக்க வேண்டும். வண்டிப்பெரியாற்றைப் பகலில் போய்ப் பார்த்துவிட்டுக் குமுளியில் தங்குவதில் எந்தக் குறையும் இல்லை. காட்டுக்குள் நடக்க வேண்டுமானாலும் வனத்துறையின் நடைப்பயணங்கள் தேக்கடியிலிருந்துதான் புறப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு வழிகாட்டிகளாக வருபவர்கள், ஒரு காலத்தில் காட்டில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை (காட்டு இலவங்கப்பட்டை) உரித்தவர்கள். 1990-களின் இறுதியில் வனத்துறை அவர்களை அழைத்துப் பேசி, வழக்குகளிலிருந்து மீள வழிசெய்து, அதே காட்டைக் காக்கும் வேலையைக் கொடுத்தது. எந்த மரம் எங்கே நிற்கிறது, யானை எந்தத் தடத்தில் வரும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. காட்டைத் தெரிந்துகொள்ள அவர்களோடு ஒரு காலைப் பொழுது நடந்தாலே போதும்.

மன்னான் பழங்குடியினரின் குடியிருப்பும் குமுளியை ஒட்டியே இருக்கிறது. பாண்டியர் காலத்தில் மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. நம் ஊருக்கும் அந்தக் காட்டுக்கும் உள்ள உறவு அணையிலிருந்து தொடங்கியது இல்லை.

தல்லாகுளம் வாசகர்:

அனைவருக்கும் நன்றி. இவற்றைத் தந்தையிடம் வாசித்துக் காட்டினேன். பாலத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அவர் இதயத்துக்காக இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். காட்டில் அட்டை மிகுதி என்கிறார்கள். அது ஆபத்தா? கவிக்கு எங்கள் காரிலேயே போக முடியுமா?

செவிலியர், அண்ணா நகர்:

அட்டைக் கடியால் சாதாரணமாக ஆபத்து இல்லை. ஆனால் உங்கள் தந்தையின் நிலை சாதாரணமானது அன்று. இரத்தம் உறையாமல் இருக்கும் பொருளைக் கடிவாயில் செலுத்திவிட்டுத்தான் அட்டை உறிஞ்சுகிறது; அதனால்தான் அது விழுந்த பிறகும் நெடுநேரம் கசிகிறது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவருக்கு அந்தக் கசிவு இன்னும் நீளும். ஆகையால் புறப்படும் முன் அவருடைய மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் அவரைக் காட்டுக்குள் அழைத்துப் போக வேண்டாம். வேறு எந்தக் காலமானாலும் முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி அட்டைக் காலுறையைப் போட்டு, காற்சட்டையின் அடிப்பகுதியை அதற்குள் செருகிவிடுங்கள். அட்டை பற்றினால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. தோலோடு ஒட்டியிருக்கும் மெல்லிய முனைக்கு அருகே நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உப்பும் புகையிலையும் போடும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை, காயம்தான் எரியும். சோப்பு நீரில் கழுவி, சுத்தமான துணியை மடித்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியும் நிற்காவிட்டால் தயங்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

நாகமலை ஆய்வு மாணவி:

மழைக்காட்டை மழையில் பார்ப்பதுதான் முழுமை என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஆனி, ஆடி மாதங்களில் மேகம் மரங்களுக்குள் இறங்கி வருவதைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தக் காட்டின் பொருள் விளங்கும். ஆயினும் உங்கள் தந்தைக்குச் செவிலியர் அக்கா சொல்வதே சரி. ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரை வையுங்கள். அட்டை குறைந்திருக்கும், வெடிப்பலா பூக்கும் காலமும் நெருங்கிவிடும். அதைத் தாண்டிக் கோடைக்குள் போனால் தீ அபாயம் கருதி வனத்துறை நடைப்பயணங்களை நிறுத்திவைப்பதுண்டு.

கூடலூர் விவசாயி:

மகர விளக்கு முடிந்த பிறகு வாருங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்த்திகை முதல் நாளிலிருந்து ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் குமுளி மலைப்பாதையும் வண்டிப்பெரியாறும் நிரம்பி வழியும். சத்திரம், புல்மேடு வழியாக நடந்து மலைக்குப் போகிறவர்கள் வண்டிப்பெரியாற்றைக் கடந்துதான் போக வேண்டும். 2011 ஜனவரி 14 அன்று புல்மேட்டு நெரிசலில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த வாரங்களில் முதியவரோடு வர வேண்டாம்.

கவிக்குச் சொந்த வண்டியைக் கட்டுப்பாடின்றி விடுவதில்லை. முன் அனுமதி வேண்டும், வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் உண்டு. கேரள வன வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஒருநாள் சுற்றுலாவில் பதிந்துகொள்வது உங்களுக்கு நல்லது. கேரள அரசுப் பேருந்து குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு, வல்லக்கடவு, கவி, ஆனத்தோடு, கக்கி, மூழியார் வழியாகப் பத்தனம்திட்டா வரை போகிறது. இளைஞர்களுக்கு அதைப்போல் ஒரு பயணம் கிடையாது. ஆனால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் வளைவிலேயே உட்கார்ந்திருக்க உங்கள் தந்தையால் முடியாது.

கவியில் உங்களை அழைத்துப் போகிறவர்களிடம் கொஞ்சம் பேசுங்கள். 1964-இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்களை 1970-களில் அங்கே ஏலத்தோட்ட வேலைக்காகக் குடியேற்றினார்கள். படகு வலிப்பவரும் சமைத்துப் போடுபவரும் வழி காட்டுபவரும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள். கடல் கடந்து போய், கடல் கடந்து திரும்பி, காட்டுக்குள் வந்து நின்றவர்கள். அவர்கள் பேசும் தமிழில் இலங்கை மலையகத்தின் சாயலை இன்னமும் கேட்கலாம்.

தல்லாகுளம் வாசகர்:

அப்படியானால் பிப்ரவரி முதல் வாரம் என்று வைத்துக்கொள்கிறேன். முதல் நாள் குமுளியில் தங்கி மறுநாள் காலை படகு, மதியம் வண்டிப்பெரியாற்றுப் பாலம், இரண்டாம் இரவு வண்டிப்பெரியாறு, மூன்றாம் நாள் கவி, அன்று மாலையே மதுரைக்குத் திரும்புவது என்று எண்ணுகிறேன். இது சரியாக வருமா?

எஸ்டேட்டில் வளர்ந்தவன்:

கவியிலிருந்து திரும்பிய அன்றே மதுரைக்குப் புறப்படாதீர்கள், ஐயா களைத்துவிடுவார். அந்த இரவும் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்புங்கள். பாலத்துக்கு மதியம் போவதைவிட மாலை நான்கு மணிக்கு மேல் போவது நல்லது. தோட்டத்தில் கொழுந்து எடை போட்டு முடித்துவிட்டு ஆட்கள் கடைத்தெருவுக்கு வரும் நேரம் அது. பேச ஆள் கிடைக்கும். இரவில் குளிரும் என்பதால் அவருக்குக் கம்பளிச் சட்டையும் காதை மூடும் துணியும் எடுத்துவாருங்கள். குமுளிச் சோதனைச் சாவடிக்கு அப்பால் பிளாஸ்டிக் பைகளையும் குடிநீர்ப் பாட்டில்களையும் கொண்டுபோக வேண்டாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் போதும், எந்தக் கடையிலும் கேட்டால் காய்ச்சிய சுடுநீரை நிரப்பித் தருவார்கள். தேதி உறுதியானதும் இங்கே எழுதுங்கள். அந்த வாரம் நான் ஊரில் இருந்தால் ஐயாவைப் பாலத்துக்கு நானே அழைத்துப் போகிறேன். இல்லாவிட்டால் என் சித்தப்பாவிடம் சொல்லி வைக்கிறேன்.